கம்பெனி செலவுல டிரைவர் டிரெய்னிங் சரிங்க, லைசன்ஸ் வாங்குனதுக்கு அப்புறம் அந்தப் பையனுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

ஹெவி வண்டி ஓட்டற டிரெய்னிங்க கம்பெனியே இலவசமா குடுத்து, சாப்பாடு ரூம் எல்லாம் போட்டு, முடிச்சதும் வேலையும் தர்றாங்கனு போன வாரம் நம்ம பேப்பர்ல வந்த செய்திய படிச்சேன். அது வந்ததுல இருந்து எங்க ஆபீசுக்கு ரெண்டு மூணு பேரு பையனக் கூட்டிக்கிட்டு வந்து "இதுல சேத்தலாமுங்களாண்ணா, ஏமாத்து வேலை எதும் இல்லையே"னு கேட்டுட்டாங்க. நான் சங்ககிரில லாரி வெச்சிருக்கறவன், அதுக்கு முன்னாடி நானே ஓட்டுனவன், கிளீனரா ஏறி டிரைவராகி அப்புறம் கடன வாங்கி ஓனரானவங்க இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேரு இருப்பாங்க, அதுல நானும் ஒருத்தன். வந்தவங்ககிட்ட சொன்னத கொஞ்சம் விவரமா உங்களுக்கும் எழுதறேன், இடம் இருந்தா போடுங்க, பெருசா இருந்தா வெட்டிக்குங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சேத்தறதுல தப்பே இல்லீங்க. இத்தன வருசம் எங்ககிட்டயே வேலை பாக்கணும், நடுவுல போனா பணம் கட்டணும்னு எழுதி வாங்கற பாண்டு பத்திரத்த முழுசா படிச்சுட்டு சேத்துங்க. ஆனா இந்த திட்டங்கள்ல எல்லாருமே டிரெய்னிங்குங்கறத லைசன்ஸ் கைக்கு வர்ற நாளோட முடிச்சுக்கறாங்க, நெசமான டிரெய்னிங் அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது, அந்த காலத்துக்கு கம்பெனி எதும் பொறுப்பு எடுத்துக்கற மாதிரி தெரியல. என் கவலை முழுக்க அதுதான்.

முன்னாடி எப்படி டிரைவர் உருவானாங்கனு இப்ப இருக்கற பசங்களுக்கு தெரியாது. எந்த ஸ்கூலும் கிடையாது. பையன் கிளீனரா வண்டில ஏறுவான். மொதல்ல கண்ணாடி தொடைக்கறது, தண்ணி புடிச்சு வைக்கறது, டயர கம்பில தட்டிப் பாக்கறது, காத்து கம்மியா இருந்தா சத்தமே வேற மாதிரி வரும், அது காதுக்கு பழகவே ஆறு மாசம் ஆகும். பின்னாடி ரெட்டை டயருக்கு நடுவுல கல்லு மாட்டியிருந்தா தட்டி எடுக்கணும், இல்லீனா ஓட்டத்துல டயரக் கிழிச்சுப்புடும். லோடு ஏத்துனா தார்பாய் போட்டு கயிறு இழுத்துக் கட்டறது இருக்கு பாருங்க, அது தனி வித்தை, பருத்தி மூட்டைக்கு ஒரு கட்டு, சிமெண்டுக்கு ஒரு கட்டு, இரும்புக் கம்பிக்கு வேற, அம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி கயிற மறுபடி இறுக்கணும் ஏன்னா லோடு உக்காந்துடும். ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி நின்னு கத்தறவன் அவன்தான். ராத்திரி டிரைவர் கண்ணு சொக்குதானு பாத்து பேச்சுக் குடுக்கறவனும் அவன்தான். நாக்பூர் தாண்டுனா ஹிந்தி, மகாராஷ்டிரால மராத்தி, செக்போஸ்ட்ல யாருகிட்ட எப்படி பேசறது, எந்த தாபால வண்டிய நிறுத்தலாம் எங்க நிறுத்துனா டீசல் திருட்டுப் போகும், இதெல்லாம் மூணு நாலு வருசம் பக்கத்து சீட்டுல உக்காந்து தானா ஏறும். அப்புறம் ஒரு நாளு டிரைவர் காலி வண்டிய ஆளில்லாத ரோட்டுல குடுப்பாரு, கொஞ்ச நாள் கழிச்சு அரை லோடு, அதுக்கப்புறம் ஃபுல் லோடு, மலைல மட்டும் கடைசி வரைக்கும் தர மாட்டாரு.

அது பொற்காலம்னு நான் சொல்ல வரலீங்க, தயவுசெஞ்சு அப்படி படிச்சுடாதீங்க. பதினாலு பதினஞ்சு வயசுல பசங்கள ஏத்துனாங்க, படிப்பு போச்சு, அடி வாங்காத கிளீனர் கிடையாது, சம்பளம்னு ஒண்ணும் பெருசா இல்ல, சாப்பாடும் தீபாவளிக்கு துணியும்தான். பசங்க ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்சதும் அந்த முறை தானா ஒழிஞ்சது, ஒழிஞ்சது நல்லதுதான். மிச்சம் இருந்ததையும் நாங்க ஓனருங்களே ஒழிச்சோம், கிளீனர் பேட்டா மிச்சம்னு. நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் இருக்கணும்ங்கற ரூல் ஒண்ணு இருந்துச்சு, யாரும் பெருசா மதிக்கல, அதையும் 2018 நவம்பர்ல எடுத்துட்டாங்க. இப்ப 12 வீல் 14 வீல் டாரஸ்ல ஒத்தை ஆளு சங்ககிரில ஏறுனா குஜராத் வரைக்கும் அவனே டிரைவர் அவனே கிளீனர் அவனே சமையல்காரன்.

ஆனா அந்த கிளீனர் சீட்டு காலியானதுல ஒரு பெரிய பள்ளம் விழுந்துருச்சு, அங்கதான் டிரைவர் தயாராகிட்டு இருந்தான்! இப்ப அந்தப் பள்ளத்த மூட கம்பெனிங்க டிரெய்னிங்னு வர்றாங்க. நாட்டுல 22 லட்சம் டிரைவர் பத்தலனு மத்திய மந்திரி நிதின் கட்காரியே சொல்லியிருக்காரு, பெரிய ஆளுங்க கணக்க விடுங்க, எங்க ஊருல பட்டறை ஓரமா டிரைவர் இல்லாம நிக்கற வண்டிங்கள பாத்தாலே தெரியும். 40 லட்சத்துக்கு மேல போட்டு வண்டி எடுத்து டியூ கட்ட முடியாம நிறுத்தி வெச்சிருக்கான், லோடு இருக்கு, ஓட்ட ஆளில்ல.

சரி டிரெய்னிங்ல என்ன குடுக்கறாங்கனு பாப்போம். 2021 ஜூலை 1ல இருந்து அங்கீகாரம் வாங்குன டிரைவிங் சென்டர்னு ஒரு புது விதி வந்திருக்கு, அதுல ஹெவி வண்டிக்கு 38 மணி நேரம், ஆறு வாரத்துக்குள்ள, கிளாசும் ஓட்டறதும் சேத்து. சிமுலேட்டர் இருக்கணும், டிராக் இருக்கணும். அங்க பாஸ் பண்ணிட்டா ஆர்டிஓ ஆபீஸ்ல மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்ல. நாமக்கல்ல அசோக் லேலண்ட் கம்பெனியோட டிரைவர் டிரெய்னிங் இன்ஸ்டிட்யூட் ரொம்ப வருசமா இருக்கு, கும்மிடிப்பூண்டில அரசாங்கத்தோட சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தற பயிற்சிப் பள்ளி இருக்கு. இந்த மாதிரி இடத்துல முறையா கத்துக்கறது எங்கள மாதிரி கண்ணால பாத்து கத்துக்கிட்டத விட சில விசயத்துல ரொம்ப மேல்.

உதாரணத்துக்கு இப்ப வர்ற பிஎஸ் 6 வண்டி, அதாவது புகை கட்டுப்பாட்டு விதிப்படி வர்ற வண்டி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டி எல்லாம் சென்சார்தான். புகைய சுத்தம் பண்ண ஊத்தற யூரியா டேங்க் காலியானா வண்டி இழுவை தானா கொறைஞ்சுடும், மீட்டர்ல லைட்டு எரியறது எதுக்குனு தெரியாம பழைய ஆளுங்க ஒயரப் புடுங்கி விட்டு பெரிய செலவு வெச்சுட்டு வந்த கதை நெறைய இருக்கு. எந்த ஆர்பிஎம்ல ஓட்டுனா டீசல் மிச்சம்னு மீட்டர்லயே பச்சைக் கோடு போட்டிருக்கான், அத எங்க காலத்து டிரைவர் எவனும் பாக்க மாட்டான், காதுலதான் கியர் மாத்துவான். டிரெய்னிங் போய்ட்டு வந்த பையன் அந்தப் பச்சைக்குள்ளயே ஓட்டறான், லிட்டருக்கு கால் கிலோமீட்டர் கூடுனாலும் மாசத்துக்கு ஓனருக்கு எவ்ளோ மிச்சம்னு கணக்கு போட்டுக்குங்க. ரோடு மார்க்கிங், ஓவர்லோடு ஃபைன், ஃபர்ஸ்ட் எய்ட் இதெல்லாமும் சொல்லிக் குடுக்கறாங்க. நல்ல விசயம், இல்லைனு சொல்லல.

இப்ப இல்லாதது என்னனு சொல்றேன். டிரெய்னிங் வண்டி காலியா ஓடற வண்டிங்க. 10 வீல் வண்டிக்கு மொத்த எடை 25 டன்னா இருந்தத 2018ல 28.5 டன்னா ஏத்திட்டாங்க, அந்த எடையோட வண்டி எப்படி நிக்கும், வளைவுல எப்படி சாயும், பிரேக் புடிச்சா எவ்ளோ தூரம் தள்ளிட்டு போய் நிக்கும், இத காலி வண்டில எந்த வாத்தியாரும் சொல்லிக் குடுக்க முடியாது. டேங்கர்னா இன்னும் மோசம், பாதி ரொம்புன டேங்கர்ல பிரேக் அடிச்சா உள்ள இருக்கறது முன்னாடி வந்து ஒரு இடி இடிக்கும் பாருங்க, வண்டி நின்னுட்டுதுனு நெனைப்போம், மறுபடி ஒரு தள்ளு தள்ளும்.

தொப்பூர் கணவாய் எல்லாருக்கும் தெரியும், தருமபுரில இருந்து சேலம் பக்கம் எறங்கறப்ப ரெட்டைப் பாலம் வரைக்கும் ஒரே எறக்கம். அங்க எத்தனை உயிர் போயிருக்குனு உங்க பேப்பர்லயே வருசா வருசம் வருது. காரணம் கேட்டா வேகம்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க. நடக்கறது என்னன்னா டீசல மிச்சம் புடிக்கறேன்னு சிலர் நியூட்ரல்ல விட்டுடறாங்க, இன்னும் சிலர் எஞ்சினயே ஆஃப் பண்ணிடறாங்க, அப்ப எஞ்சின் புடிச்சு நிறுத்தற பலம் போச்சு, மொத்த எடையும் பிரேக்குல விழுது, மிதிச்சு மிதிச்சு டிரம் சூடாகி லைனிங் புடிக்காம வழுக்குது, எஞ்சின் ஆஃப்ல இருந்தா பிரேக்குக்கு காத்து குடுக்கற கம்ப்ரஸர் ஓடாது, காத்தும் எறங்கிடும், அதுக்கப்புறம் டிரைவர் கைல ஒண்ணுமே இல்ல. ஏர்ற கியர்லயே எறங்குனு பழைய டிரைவருங்க சொல்லுவாங்க. இந்த ஒரு வரி கிளாஸ்லயும் சொல்லுவாங்க, பையனும் பரிச்சைல எழுதுவான். ஆனா முழு லோடோட மொத தடவ ராத்திரி ஒரு மணிக்கு அந்த எறக்கத்துல பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றப்ப, மூணாவது கியர்ல மெதுவா உருட்டிக்கிட்டு போற தைரியம் பையனுக்கு வரணும்னா பக்கத்துல ஒரு பெரிய ஆளு உக்காந்து "அவன் கெடக்கறான், நீ உன் கியர்ல போ"னு சொல்லணும்ங்க. சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைல 27 கொண்டை ஊசி வளைவு, அங்க லாரி எப்படி திரும்பணும்ங்கறதும் இதே கதைதான், சிமுலேட்டர்ல நூறு தடவ திரும்பலாம், எதுத்தாப்புல வர்ற வண்டிக்காரன் வழி விடாம நிக்கறது சிமுலேட்டர்ல இருக்காது.

அதனால நான் கேக்கறது இதுதான். கம்பெனி செலவுல டிரெய்னிங்னு விளம்பரம் பண்றவங்க, லைசன்ஸ் வந்ததுக்கு அப்புறம் குறைஞ்சது ஆறு மாசம், முடிஞ்சா ஒரு வருசம், அந்தப் பையன சீனியர் டிரைவரோட ரெண்டாவது ஆளா சம்பளம் குடுத்து அனுப்பணும். அந்த சீனியருக்கும் கத்துக் குடுக்கறதுக்குனு தனியா பேட்டா போடணும், இல்லீனா அவரு பையன டீ வாங்கி வரத்தான் அனுப்புவாரு. கம்பெனிக்காரங்க செலவு கட்டுபடி ஆகாதும்பாங்க. ஒரு வண்டி தொப்பூர்ல கவுந்தா ஆகற செலவு எவ்ளோனு அவங்களுக்கே தெரியும், இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான் பதில் சொல்லும், உசுருக்கு சொல்லாது.

அடுத்து பாண்டு விசயம். இதுலதான் பெத்தவங்க ரொம்ப குழம்பறாங்க. எங்க தெருவுல ஒரு பையன் போன வருசம் இந்த மாதிரி ஒரு திட்டத்துல சேந்தான், கம்பெனி பேரு வேண்டாம். ஒண்ணரை மாசம் டிரெய்னிங், நல்லாத்தான் நடந்துச்சுங்கறான். சேர்றப்ப இங்கிலீஷ்ல ஒரு கத்தை பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருக்காங்க, பையனும் படிக்கல, அவங்கப்பாவும் படிக்கல. ரெண்டு வருசம் வேலை பாக்கணும், நடுவுல போனா ஒண்ணரை லட்சம் கட்டணும், அது இருபதாவது மாசத்துல போனாலும் அதே ஒண்ணரை லட்சம். கூட ஒரு எழுதாத செக், பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினல் ரெண்டையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. வேலைல சேந்ததும் மொத மாசமே தனியா லோடோட அனுப்பிட்டாங்க. சொன்ன சம்பளத்துல மைலேஜ் கம்மினு ஒரு புடித்தம், டயர் வெடிச்சதுக்கு ஒரு புடித்தம். பையனுக்கு போகவும் முடியல இருக்கவும் முடியல, கடைசில அவங்க மாமா போய் பேசி பாதிப் பணம் கட்டி மார்க் ஷீட்ட வாங்கிட்டு வந்தாரு. பையன் இப்ப திருப்பூர்ல கம்பெனி வேலைக்கு போறான், நல்லா ஓட்டற பையன், தொழிலுக்கு நட்டம்.

பாண்டு போடறதே அநியாயம்னு சிலர் சொல்றாங்க, நான் அப்படி சொல்ல மாட்டேன். செலவு பண்ணி கத்துக் குடுத்தவன் அந்தாளு கொஞ்ச காலம் நம்மகிட்ட இருக்கணும்னு நெனைக்கறது இயல்புதான். சுப்ரீம் கோர்ட்டும் 2025 மே மாசம் விஜயா பேங்க் கேஸ்ல, மூணு வருசத்துக்குள்ள போனா ரெண்டு லட்சம் கட்டணும்ங்கற பாண்டு செல்லும்னு சொல்லியிருக்கு. ஆனா அது பேங்க் ஆபீசர் வேலை, நல்ல சம்பளம், தெரிஞ்சு கையெழுத்து போட்டவரு. அந்த தீர்ப்ப காட்டி இருபது வயசுப் பையன மிரட்டறது நியாயமாங்க? பத்திரத்துல எவ்ளோ தொகை எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்ட ஈட்டுக்கு மேல வாங்க முடியாதுனு 1872ல வந்த காண்ட்ராக்ட் சட்டத்துலயே இருக்கு, வக்கீலுங்க எல்லாருக்கும் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. பாண்டு போடுங்க, தமிழ்ல போடுங்க, டிரெய்னிங்குக்கு ஆன செலவு எவ்ளோனு பில்லோட காட்டுங்க, வேலை பாக்கற ஒவ்வொரு மாசத்துக்கும் அந்தத் தொகை கொறைஞ்சுக்கிட்டே வரணும், எழுதாத செக்கும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேக்கக் கூடாது. கம்பெனி பக்கம் சொன்ன சம்பளத்த குடுக்கலைனா பாண்டு தானா ரத்துனு ஒரு வரியும் சேத்துப் போடுங்க, எழுதறப்ப ரெண்டு பக்கமும் எழுதணும்ல.

இதுல எங்க ஓனருங்க பக்கத்து குட்டையும் கொஞ்சம் ஒடைச்சுடறேன். பெரிய கம்பெனி எதுக்கு இவ்ளோ இறுக்கமா பாண்டு போடறான்னா, அவன் கத்துக் குடுத்து அனுப்புனதும் ரெண்டாயிரம் மூவாயிரம் கூடப் போட்டு எங்கள மாதிரி ஒரு வண்டி ரெண்டு வண்டி வெச்சிருக்கறவங்க அந்தப் பையன இழுத்துக்கறோம். இது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்தான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் முக்கால்வாசிப் பேரு சின்ன ஓனருங்க, எங்களால தனியா ஒருத்தன படிக்க வைக்க முடியாது, அதனால அடுத்தவன் படிக்க வெச்ச ஆள எடுக்கறோம், அவன் பாண்ட இறுக்கறான், நடுவுல பையன் மாட்டிக்கறான்.

இதுக்கு ஒரே வழி லாரி ஓனருங்க சங்கம் சேந்து செய்யறதுதான்னு நான் நெனைக்கறேன். ஒரு வண்டிக்கு வருசத்துக்கு இவ்ளோனு வசூல் பண்ணி, பசங்கள நல்ல இன்ஸ்டிட்யூட்டுக்கு சங்கமே அனுப்பட்டும். பையன் சங்கத்துல இருக்கற எந்த ஓனர்கிட்ட வேலை பாத்தாலும் கணக்குல சேந்துக்கும். ஒரு ஓனர் சரியில்லைனா அடுத்தவருகிட்ட போகலாம், பாண்டு ஒடையாது. அப்ப ஓனரும் கொஞ்சம் ஒழுங்கா நடத்துவாரு, ஆளு போய்டுவான்ங்கற பயம் இருக்கும். டீசல் வெலைக்கும் டோல்கேட்டுக்கும் ஸ்ட்ரைக் பண்ண ஒண்ணா சேர்றோம்ல, இதுக்கும் சேரலாம்.

வெளிநாட்டுல எல்லாம் சரியா இருக்குனு நெனைக்காதீங்க. என் மருமகன் நெட்ல தேடிக் காட்டுனாரு, அமெரிக்கால இந்த கம்பெனி டிரெய்னிங் ரொம்ப காலமா நடக்குது, லைசன்ஸ் எடுத்துக் குடுப்பாங்க, ஒரு வருசம் மாதிரி ஓட்டணும், இல்லைனா பணத்த திருப்பிக் கட்டணும். ஆனா அங்க லைசன்ஸுக்கு அப்புறம் டிரெய்னர் கூட ஓட்டற ஒரு கட்டம் பல கம்பெனில இருக்கு, நம்மகிட்ட இல்லாதது அதுதான். அதுலயும் தகராறுதான், டிரெய்னிங்னு பேர வெச்சு ஓட்ட வெச்சுட்டு நியாயமான கூலி தரலனு ஒரு டிரைவர் நியூ பிரைம்ங்கற கம்பெனி மேல கேஸ் போட்டு அது 2019 ஜனவரில அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்கு வராத, தனி மத்தியஸ்தர்கிட்ட தீத்துக்கலாம்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்குனாங்க, லாரி டிரைவர அப்படி கட்டாயப்படுத்த முடியாதுனு தீர்ப்பு வந்துச்சு. இன்னொண்ணும் காட்டுனாரு, 2022 பிப்ரவரில இருந்து அங்க புது டிரைவருக்கு டிரெய்னிங் கட்டாயம், ஆனா எத்தனை மணி நேரம்னு குறைஞ்சபட்சக் கணக்கே கிடையாதாம். நம்ம 38 மணி நேரம் அந்த வகைல பரவால்ல. ரெண்டாவது ஆளா அனுப்புங்கனு நான் சொல்றப்ப சம்பளம் குடுத்துனு அழுத்திச் சொல்றதுக்கு இந்தக் கேஸும் ஒரு காரணம், இல்லீனா இலவசமா ஒரு கிளீனர் கெடைச்சான்னு எங்காளுங்களே ஆரம்பிச்சுடுவாங்க.

வயசு விசயத்தையும் யாரும் பேச மாட்டேங்கறாங்க. சட்டப்படி 18 வயசுல கார் லைசன்ஸ் எடுக்கலாம், லாரி மாதிரி டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு 20 ஆகணும், அதுலயும் கார் லைசன்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆயிருந்தாத்தான் எல்எல்ஆர் போட முடியும். எட்டாவது படிச்சிருக்கணும்ங்கற ரூல 2019ல எடுத்துட்டாங்க, அது நல்லதுதான். ஆனா பன்னெண்டாவது முடிச்ச பையன் 18ல இருந்து 20 வரைக்கும் என்ன பண்ணுவான்? திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போயிடுவான், போனவன் திரும்பி லாரிக்கு வர மாட்டான். அந்த ரெண்டு வருசத்தத்தான் கம்பெனிங்க புடிக்கணும். அப்ரண்டீஸ் சட்டம்னு 1961ல இருந்து ஒண்ணு இருக்கு, மத்திய அரசு அப்ரண்டீஸ் திட்டத்துல உதவித் தொகைல கால் பங்கு, மாசம் 1500 ரூபாய் வரைக்கும் கவர்மெண்ட்டே குடுக்குது. மில்லுக்காரங்க, ஆட்டோமொபைல் கம்பெனிக்காரங்க எல்லாம் இத நல்லா பயன்படுத்திக்கறாங்க, லாரித் தொழிலுக்கும் 18 வயசு முடிஞ்ச பையன உதவியாளா சேத்து இந்த மாதிரி கொண்டு வரலாம்ல? பழைய கிளீனர் சீட்டுதான், இந்த தடவ சம்பளம், பி.எஃப், இன்சூரன்ஸோட. கயிறு கட்டறது, டயர் பாக்கறது, சரக்கோட போற இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாளு செல்லும்ங்கற கணக்கு, ஃபாஸ்டேக் பேலன்ஸ், இதெல்லாம் அப்பவே பழகிட்டு 20 வயசுல ஸ்டீயரிங் புடிச்சா அந்த 38 மணி நேரம் அவனுக்கு தாராளமா போதும்.

டிரைவர் வேலைக்கு பசங்க வராததுக்கு டிரெய்னிங் இல்லாதது மட்டும் காரணம் கிடையாதுங்கறதையும் சொல்லிடறேன், இது கொஞ்சம் பெரிய கதை. 1961ல வந்த மோட்டார் தொழிலாளர் சட்டத்துல நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு எழுதியிருந்தாங்க, எங்க லைன்ல அத பாத்தவன் எவனும் இல்ல. ஆக்சிடெண்ட் பண்ணிட்டு சொல்லாம போனா பத்து வருசம் வரைக்கும் ஜெயில்னு புது கிரிமினல் சட்டத்துல போட்டதும் 2024 ஜனவரில வடக்க டிரைவருங்க எல்லாம் வண்டிய நிறுத்திட்டாங்க, அப்புறம் அந்தப் பிரிவ மட்டும் நிறுத்தி வெச்சிருக்காங்க, ஆனா பயம் போகல, இடிச்சா ஜனங்க அடிப்பாங்க நிக்காம போனா ஜெயிலு, நடுவுல என்னதான் பண்றது. 2025 அக்டோபர்ல இருந்து தயாராகற பெரிய லாரிங்களுக்கு கேபின்ல ஏசி கட்டாயம்னு கொண்டு வந்தாங்க, அது நெசமாலுமே நல்ல காரியம், மே மாசம் ஆந்திராவத் தாண்டி ஓட்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும். பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்கங்கறது இன்னொண்ணு, லாரி டிரைவர்னா வேண்டாம்னு நேராவே சொல்றாங்க எங்க பக்கம். இதெல்லாம் டிரெய்னிங்ல தீர்ற பிரச்சனை இல்ல, அதனால "22 லட்சம் பத்தல, அதனால டிரெய்னிங் சென்டர் தொறக்கறோம்"ங்கறப்ப எனக்கு கொஞ்சம் சிரிப்பு வருது, நம்மகிட்ட ஹெவி லைசன்ஸ் கைல வெச்சுக்கிட்டு லாரி பக்கமே வராம ஸ்கூல் பஸ் ஓட்டறவன், மில்லு வேன் ஓட்டறவன் எத்தனை பேரு இருக்கான். ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்னு போறான், தப்பு சொல்ல முடியுமா?

அதனால பெத்தவங்களுக்கு நான் சொல்றது, எந்தக் கம்பெனி திட்டமா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி சிலது கேளுங்க. டிரெய்னிங் வண்டில ஒரு நாளாச்சும் லோடு ஏத்தி ஓட்ட விடுவீங்களா, மலை ரோட்டுக்கு கூட்டிட்டு போவீங்களா, முடிச்சதும் எத்தனை மாசம் பெரிய டிரைவர் கூட அனுப்புவீங்க, அப்ப சம்பளம் எவ்ளோ, மைலேஜ் கொறைஞ்சா டயர் போனா யாரு செலவுனு. பதில வாய்ல வாங்காதீங்க, பேப்பர்ல வாங்குங்க. ஒழுங்கான கம்பெனியா இருந்தா சங்கடப்படாம எழுதிக் குடுப்பான். அங்கீகாரம் இருக்கற சென்டரானு ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, ஊருக்குள்ள நாலு வாடகை வண்டிய வெச்சுக்கிட்டு "கம்பெனி ஸ்பான்சர்"னு போர்டு மாட்டுனவங்களும் இருக்காங்க, அவங்க கம்பெனிகிட்ட ஆளுக்கு இவ்ளோனு கமிஷன் வாங்கற ஏஜெண்ட்டுதான். ஏஜெண்ட் மூலமா போனா, கம்பெனி ஹெச்ஆர நேரா பாக்காம கையெழுத்து போட வேண்டாம்.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள் இருக்குங்க. செய்தில டிரெய்னிங் சென்டர் போட்டோ, சிமுலேட்டர்ல உக்காந்திருக்கற பையன் போட்டோ எல்லாம் நல்லா போட்டிருந்தீங்க, எத்தனை பேர் சேந்தாங்கனும் போட்டிருந்தீங்க. அதுல ஒரு வருசம் கழிச்சு எத்தனை பேரு இன்னும் ஸ்டீயரிங்ல இருக்காங்க, எத்தனை பேரு பாண்டு பணம் கட்டிட்டு போனாங்கனு கேட்டு போடுங்க, முடிஞ்சா அந்த பாண்டு பத்திரத்தோட காப்பி ஒண்ண வாங்கி தமிழ்ல போடுங்க. அசலா நல்ல திட்டமா இருந்தா அவங்களுக்கும் அது விளம்பரம்தானே.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓனர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.